காயத்துக்குப் பிறகு காலியாகும் நாற்காலி

(ஃபேன்டஸி ஃபுட்பால் குறித்து ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்கக் கால்பந்தைச் சுற்றி வளர்ந்த ஃபேன்டஸி ஃபுட்பாலில் ஒரு கேள்வி பருவம் முழுவதும் எழுந்துகொண்டே இருக்கும். ஓர் அணியின் முதன்மை ரன்னிங் பேக் காயப்பட்டு வெளியேறுகிறார். அதுவரை பெஞ்சில் இருந்த மாற்று ஆட்டக்காரர் உள்ளே வருகிறார். இவருக்கு என்ன மதிப்பு? என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பின் பெரும்பங்கு நாற்காலியில் இருக்கிறது. அதில் வந்து உட்காருகிறவரிடம் இருப்பது மிச்சப் பங்கு. இதை மறந்தவர்கள் ஒரே ஒரு நல்ல ஆட்டத்தைப் பார்த்து அள்ளிக் கொடுக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கையைப் பிசைகிறார்கள்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் 32 அணிகள். 2021 முதல் ஒவ்வோர் அணிக்கும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள். பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு லீக் அமைப்பார்கள். பருவம் தொடங்கும் முன் முறைவைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அது நம் கணக்கில் புள்ளியாக ஏறும். பெரும்பாலான லீக்குகளில் பந்துடன் 10 யார்டு ஓடினால் 1 புள்ளி, பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால், அதாவது டச்டவுன் போட்டால், 6 புள்ளி. வீசப்பட்ட பந்தைப் பிடித்தாலே ஒரு புள்ளியோ அரைப் புள்ளியோ தரும் லீக்குகளும் ஏராளம். 1962இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் சில நண்பர்களோடு இந்த ஆட்டத்தைத் திட்டமிட்டார். 1963இல் முதல் டிராஃப்ட் நடந்தது. இன்று அமெரிக்காவில் இது இல்லாத அலுவலகம் அரிது.

நம்மவர்களுக்கு இணையக் கிரிக்கெட்டில் இதன் இன்னொரு வடிவம் பழக்கம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025 ஆகஸ்ட்டில் சட்டம் போட்டுத் தடுத்தது. நான் இங்கே பேசுவது பந்தயத்தைப் பற்றி அல்ல. நண்பர்கள் ஒரு பருவம் முழுவதும் கூடி ஆடும் லீக்கைப் பற்றி.

ரன்னிங் பேக்குக்கு ஏன் தனிப் பேச்சு? பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணியின் பதினொரு பேர் நிற்கும் இடத்துக்குள் நேராக நுழைகிறவர் அவர். ஒவ்வொரு ஓட்டமும் பெரும்பாலும் ஒரு மோதலில் முடிகிறது. ஆகவே காயம் அந்த வேலையோடு ஒட்டிப் பிறந்தது. அதே வேளையில், ஓர் அணியின் ஓட்ட வேலை முழுவதையும் தனியாகச் சுமக்கும் ரன்னிங் பேக்குகள் 32 அணிகளிலும் தேடினால் கொஞ்சம் பேர்தான். டிராஃப்டின் முதல் சுற்றிலேயே அவர்கள் போய்விடுவார்கள். பருவத்தின் நடுவில் அப்படி ஒருவர் செலவில்லாமல் கிடைக்கும் வழி ஒன்றே ஒன்று: யாரோ ஒருவர் காயமடைவது. கசப்பான உண்மைதான். ஆனாலும் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

நாற்காலி என்று சொன்னேன் அல்லவா? அதற்குச் சான்று டென்வரில் இருக்கிறது. 1998இல் டென்வர் பிராங்கோஸ் அணியின் டெரல் டேவிஸ் 2,008 யார்டு ஓடினார். என்.எஃப்.எல். அணிகளே புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டும் உண்டு; அவர் 1995இல் அதன் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். 1999இன் நான்காவது ஆட்டத்தில், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய எதிரணி வீரரை மடக்கப் போய் முழங்காலை உடைத்துக்கொண்டார். அவர் இடத்துக்கு வந்தவர் நான்காம் சுற்றுப் புதுமுகம் ஒலாண்டிஸ் கேரி. அந்தப் பருவத்தில் 1,159 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு முதல் ஆட்டத்திலேயே கேரிக்கும் முழங்கால் போயிற்று. அப்போது வந்தவர் ராணுவத்தின் மரீன் படையில் பணியாற்றிவிட்டு வந்த மைக் ஆண்டர்சன். அவரும் ஆறாம் சுற்றுக்காரர். 1,487 யார்டு, 15 டச்டவுன், ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருது. மூன்று ஆண்டில் மூன்று பேர்; மூவரும் ஆயிரம் யார்டைத் தாண்டினார்கள். மாறாமல் இருந்தவை மூன்று: பயிற்சியாளர் மைக் ஷானஹன், தடுப்பு வரிசையை வளர்த்த அலெக்ஸ் கிப்ஸ், அவர்கள் இருவரும் நம்பிய ஓட்ட முறை. வரிசையிலிருக்கும் ஐந்து பேரும் ஒரே பக்கமாக நகர்ந்து தடுப்பார்கள். ஓடுகிறவர் பொறுத்திருந்து, திறக்கும் இடைவெளியைக் கண்டதும் ஒரே வெட்டில் திரும்பிப் பாய்வார். இந்த வேலைக்கு மாபெரும் வேகம் தேவையில்லை. கண்ணும் துணிவும் போதும். கேரி அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஆயிரம் யார்டைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர் எழுந்து போனார். நாற்காலி அங்கேயே இருந்தது.

அதே முறையை மகன் கைல் ஷானஹன் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். 2017 முதல் அவர் ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர். 2020 ஜனவரியில் அந்த அணி கிரீன் பே அணியுடன் மோதிய பிரிவு இறுதி ஆட்டத்தில் டெவின் கோல்மன் தோள் காயத்தோடு வெளியேறினார். ரஹீம் மோஸ்டர்ட் 29 முறை ஓடி 220 யார்டும் 4 டச்டவுனும் எடுத்தார். டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆட்டக்காரர் அவர். ஆறு அணிகள் அவரை விட்டுவிட்டிருந்தன.

2021இன் முதல் ஆட்டத்தில் அதே மோஸ்டர்ட் இரண்டே ஓட்டத்தில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அந்தப் பருவமே முடிந்துபோனது. அவ்வாண்டு டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட ட்ரே செர்மன்தான் அடுத்தவர் என்று ஃபேன்டஸி ஆடுகிறவர்கள் பலரும் நம்பியிருந்தார்கள். செர்மன் அன்று ஆடும் பட்டியலிலேயே இல்லை. வந்தவர் ஆறாம் சுற்றுக்காரர் எலைஜா மிட்செல். 19 ஓட்டம், 104 யார்டு, ஒரு டச்டவுன். அந்தப் பருவத்தில் 11 ஆட்டத்தில் 963 யார்டு. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்: அடுத்தவர் யார் என்பதை டிராஃப்ட் வரிசை சொல்லாது, ஆட்ட நாளில் பயிற்சியாளர் யாருக்குச் சீருடை கொடுக்கிறார் என்பது சொல்லும்.

இப்போது 2024க்கு வருகிறேன். இன்றைய பேச்சின் நடுப்பகுதி இதுதான். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2023இல் 1,459 யார்டு ஓடி, ஓடியும் பிடித்தும் 21 டச்டவுன் போட்டு, ஆண்டின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது பெற்றவர். 2024 ஃபேன்டஸி டிராஃப்டுகளில் எண்ணற்ற லீக்குகளில் முதல் தேர்வு அவர்தான். செப்டம்பர் 9, திங்கள் இரவு ஆட்டத்துக்கு முன் காயப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'சந்தேகம்' என்று இருந்தது. ஆட்டத்துக்குச் சற்று முன்பு அவர் ஆடவில்லை என்ற அறிவிப்பு வந்தது. எலைஜா மிட்செலும் ஆகஸ்ட்டிலேயே தொடைத் தசைக் காயத்தால் பருவம் முழுவதையும் இழந்திருந்தார். ஆகவே பந்து ஜோர்டன் மேசன் கைக்கு வந்தது. அவரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர். 28 ஓட்டம், 147 யார்டு, ஒரு டச்டவுன். ஓட்டத்தில் மட்டும் 20.7 புள்ளி. அடுத்த வாரம் 100 யார்டு. நான்காம் வாரம் 123 யார்டு.

அந்த முதல் இரவில் மேசனை எப்படி மதிப்பிட்டிருக்க வேண்டும்? 147 யார்டைப் பார்க்கக் கூடாது. 28 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரே ஆட்டத்தில் 28 முறை ஒருவரிடம் பந்தைக் கொடுக்கும் பயிற்சியாளர், வேலையைப் பங்கு போட நினைக்கவில்லை என்று அர்த்தம். யார்டு ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. கிடைக்கும் ஓட்டங்களின் எண்ணிக்கைதான் அடுத்த வாரத்தையும் சொல்லும். இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது காயத்தின் தன்மை. மெக்காஃப்ரிக்கு இருந்தது குதிகால் தசைநாரில் வீக்கம், கெண்டைக்கால் வலி. விழுந்து அடிபட்ட காயம் அல்ல, தேய்மானத்தில் வந்தது. இத்தகைய வலி 'இந்த வாரம் சரியாகிவிடும்' என்று ஆசைகாட்டி நீண்டுகொண்டே போகும். சில நாளில் அவரைக் காயமுற்றோர் தனிப்பட்டியலில் சேர்த்தார்கள். அதில் சேர்ந்தவர் குறைந்தது நான்கு ஆட்டத்தைத் தவறவிட வேண்டும் என்பது விதி. அவர் திரும்பி வந்தது நவம்பர் 10 அன்று, பத்தாம் வாரத்தில். மேசனை முதல் வாரமே எடுத்தவருக்கு இரண்டு மாத அறுவடை.

அந்த அறுவடைக்கும் ஓர் எல்லை உண்டு. மேசன் அந்தப் பருவம் முழுவதும் பிடித்த பந்துகள் 11 மட்டுமே. பிடிப்புக்குப் புள்ளி தரும் லீக்கில் இது பெரிய குறை. 2020இல் கரோலைனா பேந்தர்ஸில் இதே மெக்காஃப்ரி காயமடைந்து மூன்றே ஆட்டம் ஆடியபோது, அவர் இடத்துக்கு வந்தவர் மைக் டேவிஸ். அவர் ஓடியது 642 யார்டுதான். ஆனால் 59 பந்தைப் பிடித்தார். பிடிப்புக்கு ஒரு புள்ளி தரும் லீக்கில் அந்த 59 பிடிப்பும் தாமே 59 புள்ளி. மெக்காஃப்ரியின் நாற்காலியில் பாதி வேலை ஓட்டம், பாதி வேலை பிடிப்பு. டேவிஸுக்கு இரண்டும் கிடைத்தன. மேசனுக்கு ஒன்று மட்டும் கிடைத்தது. மாற்று ஆட்டக்காரர் முதன்மையாளரின் வேலையில் எதெதை வாங்கிக்கொள்கிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். ஓட்டம், பிடிப்பு, கோட்டருகே கொடுக்கப்படும் பந்து என்று மூன்று வேலை உண்டு. மூன்றும் ஒருவருக்கே வந்தால் அவரை விடாதீர்கள். ஒன்று மட்டும் வந்தால் விலையைப் பாதியாக்குங்கள்.

2024 கதை இன்னும் முடியவில்லை. டிசம்பர் 1, பனி கொட்டிய பஃபலோ மைதானத்தில் மெக்காஃப்ரியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதே ஆட்டத்தில் மேசனின் கணுக்காலும் போயிற்று. இருவருக்கும் ஒரே நாளில் பருவம் முடிந்தது. மெக்காஃப்ரி மொத்தம் ஆடியது நான்கு ஆட்டம், ஓடியது 202 யார்டு. அடுத்த வாரம் ஐசக் குரென்டோ என்ற நான்காம் சுற்றுப் புதுமுகம் சிகாகோ பேர்ஸுக்கு எதிராக 78 யார்டு ஓடி இரண்டு டச்டவுன் போட்டார். இரண்டு பந்தைப் பிடித்து 50 யார்டும் சேர்த்தார். பிடிப்புக்கு ஒரு புள்ளி தரும் லீக்கில் அது 26.8 புள்ளி. பிறகு அவரும் காயங்களில் சிக்கினார். மாற்று ஆட்டக்காரரும் அதே மோதலுக்குள்தான் ஓடுகிறார். அதுவரை வாரத்துக்கு ஐந்து முறை பந்தைத் தொட்டவர் திடீரென்று இருபது முறை தொடுகிறார். அவர் உடம்பும் கணக்கில் வர வேண்டும். எலைஜா மிட்செலை மறுபடி நினைத்துப் பாருங்கள். 2021இல் 963 யார்டு. 2022இல் முழங்கால் தசைநார்க் காயங்களால் ஐந்தே ஆட்டம். 2024இல் ஓர் ஆட்டமும் இல்லை. திறமை எங்கும் போகவில்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஆகவே பின்னால் நிற்பவரின் பின்னால் நிற்பவரையும் அறிந்து வைத்திருங்கள்.

மாற்று ஆட்டக்காரருக்கே முழுநேர வேலை கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். டாலஸ் கவ்பாய்ஸ் அணியில் எசிகியல் எலியட்டுக்குப் பின்னால் இருந்தவர் டோனி போலார்ட். 2022இல் எலியட் காயத்தால் ஆடாத ஓர் ஆட்டத்தில் சிகாகோவுக்கு எதிராக 14 ஓட்டத்தில் 131 யார்டு, 3 டச்டவுன். அந்த ஆண்டு முழுவதும் 193 ஓட்டத்தில் 1,007 யார்டு. முழு வேலையும் இவருக்கே கிடைத்தால் எப்படி இருக்கும் என்று எல்லோரும் கனவு கண்டார்கள். 2023இல் எலியட்டை அணி விடுவித்தது, கனவு பலித்தது. 252 ஓட்டம், யார்டு 1,005. வேலை 59 ஓட்டம் கூடியது, விளைச்சல் கூடவில்லை. ஓட்டத்தில் போட்ட டச்டவுன் 9இலிருந்து 6ஆகக் குறைந்தது. நடுவில், 2023 ஜனவரியில், அவர் கால் எலும்பு முறிந்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

மினசோட்டாவின் அலெக்ஸாண்டர் மேட்டிசன் கதை இதைவிடத் தெளிவானது. 2021இல் டால்வின் குக் ஆடாத இரண்டு ஆட்டங்களில் மேட்டிசன் 112, 113 என்று யார்டு எடுத்தார். ஒன்றில் 6 பந்தும் மற்றொன்றில் 7 பந்தும் பிடித்தார். அவ்வளவு அருமையான மாற்று. 2023இல் குக் போய்விட்டார். மேட்டிசன் முதன்மை ஆட்டக்காரர் ஆனார். 180 ஓட்டம், 700 யார்டு, ஓட்டத்தில் ஒரு டச்டவுன்கூட இல்லை. ஒரு வாரம் மாற்றாக வந்து ஓடுவது வேறு. ஒரு பருவத்தைச் சுமப்பது வேறு. ஒரு வாரத்து ஆட்டத்துக்கு ஒரு வாரத்து விலைதான் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் நாற்காலியைத் தனதாக்கிக்கொண்டவர்களே இல்லையா? உண்டு. 2010இல் ஹியூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி இரண்டாம் சுற்றில் எடுத்த பென் டேட் ஆகஸ்ட்டிலேயே கணுக்கால் முறிந்து பருவத்தை இழந்தார். டிராஃப்டில் எடுக்கப்படாத ஏரியன் ஃபாஸ்டர் முதல் ஆட்டத்தில் 33 முறை ஓடி 231 யார்டு, 3 டச்டவுன் எடுத்தார். அந்த ஆண்டு 1,616 யார்டோடு தொடரிலேயே முதலிடம். பிறகும் மூன்று பருவங்களில் ஆயிரத்தைத் தாண்டினார். அவரிடம் என்ன வேறுபாடு? முதல் ஆண்டே 66 பந்தைப் பிடித்தார். கோட்டருகிலும் பந்து அவருக்கே வந்தது. போட்டிக்கு ஆள் இல்லை. மூன்று வேலையும் ஒருவர் கையில். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய பயிற்சியாளர் கேரி கூபியாக், டென்வரில் மைக் ஷானஹனிடம் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். அதே ஓட்ட முறை, அதே நாற்காலி. உட்கார்ந்தவர் மட்டும் எழவே இல்லை.

இனி, ஒரு காயச் செய்தி வந்ததும் என்ன செய்யலாம்? நான் நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேட்பேன்.

முதல் கேள்வி: முதன்மையாளர் எத்தனை வாரம் இல்லை? ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் கிழிந்தால் அந்தப் பருவம் முடிந்தது. தேறி வரப் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். கணுக்காலுக்கு மேலே ஏற்படும் சுளுக்கு பல வாரம் இழுக்கும். தொடைப் பின்தசை இழுத்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரம் போதும் என்பார்கள். ஆனால் அது திரும்பத் திரும்ப வரும் காயம். தலையில் அடிபட்டால் படிப்படியான பரிசோதனைகளைத் தாண்டித்தான் களத்துக்கு வர முடியும். ஒரு வாரத்திலும் வரலாம், வராமலும் போகலாம். புதன், வியாழன், வெள்ளிப் பயிற்சி அறிக்கைகளைப் படியுங்கள். மூன்று நாளும் பயிற்சிக்கு வராதவர் ஞாயிறு ஆடுவது அபூர்வம்.

இரண்டாவது: வேலை ஒருவருக்கா, இருவருக்கா? காயத்துக்குப் பிறகு நடக்கும் முதல் ஆட்டத்தில் அவர் எத்தனை ஸ்னாப்பில், அதாவது எத்தனை தனித்தனி முயற்சிகளில், களத்தில் நின்றார், எத்தனை முறை பந்தைத் தொட்டார், மூன்றாம் முயற்சியில் யார் நின்றார் என்று பாருங்கள். பந்தைத் தொட்டது பத்து முறைக்குக் கீழே என்றால் அது பங்கு போட்ட வேலை.

மூன்றாவது: நாற்காலி எப்படிப்பட்டது? தடுப்பு வரிசை வலுவா, அணி அதிகம் புள்ளி எடுக்கிறதா? 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் டாட் கர்லி முழங்கால் வலியால் ஆட முடியாதபோது சி.ஜே. ஆண்டர்சன் வந்தார். அந்தப் பருவத்திலேயே கரோலைனாவும் ஓக்லண்டும் விட்டுவிட்ட ஆட்டக்காரர். ராம்ஸில் சேர்ந்த ஐந்தாம் நாள் அரிசோனாவுக்கு எதிராக 20 ஓட்டம், 167 யார்டு, ஒரு டச்டவுன். அது ஃபேன்டஸி லீக்குகளின் இறுதிப்போட்டி வாரம். முந்தைய நாள் இரவு அவரை எடுத்து நிறுத்தியவர்களுக்கு அது பெரிய வரம். அதே ஆண்டர்சன் 2019இல் டிட்ராய்ட் போனார். இரண்டே ஆட்டத்தில் அங்கிருந்து விடுவிக்கப்பட்டார்.

நான்காவது: உங்கள் அணிக்கு எந்த வாரம் முக்கியம்? பெரும்பாலான லீக்குகளில் நாக்அவுட் ஆட்டங்கள் 15, 16, 17ஆம் வாரங்களில். தோல்வி விளிம்பில் இருப்பவருக்கு இந்த வாரத்து இருபது புள்ளிதான் தேவை. முதலிடத்தில் இருப்பவருக்கு டிசம்பரில் உதவும் ஆள் தேவை. அவர் தன் முதன்மை ரன்னிங் பேக்கின் மாற்று ஆட்டக்காரரைக் காயம் வரும் முன்பே பெஞ்சில் வைத்திருப்பது நல்லது. அப்போது விலை டிராஃப்டின் கடைசிச் சுற்றுத் தேர்வு மட்டுமே. காயச் செய்தி வந்த பிறகு லீக் முழுவதும் அவருக்காக ஏலம் கேட்கும். பருவத்துக்கு 100 டாலர் என்று கற்பனைப் பணம் வைத்திருக்கும் லீக்கில், ஒரே செவ்வாய் இரவில் பாதி கரைந்துவிடும்.

இறுதியாக ஒன்று. இவ்வளவு நேரம் காயத்தை வாய்ப்பாகக் கணக்கிட்டோம். ஆனால் காயம்பட்டவர் ஒரு மனிதர். 2023 செப்டம்பரில், நான் மேலே சொன்ன மேட்டிசன், ஓர் ஆட்டம் முடிந்ததும் தனக்கு வந்த இனவெறிச் செய்திகளை வெளியிட்டார். ஃபேன்டஸி புள்ளி வரவில்லை என்ற கோபத்தில் முன்பின் அறியாதவர்கள் அனுப்பியவை அவை. அதே ஆண்டு ஜனவரி 2 அன்று, ஃபேன்டஸி இறுதிப்போட்டி வாரத்தில், சின்சினாட்டியில் பஃபலோ வீரர் டமார் ஹாம்லினின் இதயம் மைதானத்திலேயே நின்றது. மருத்துவர்கள் அங்கேயே அவரை மீட்டார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டது, பிறகு ரத்து செய்யப்பட்டது. அன்று இரவு கோப்பைக் கணக்கு பார்த்தவர்கள் மிகச் சிலர் என்றே நம்புகிறேன்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். மாற்று ஆட்டக்காரரை எடுக்கும்போது போன வாரத்து யார்டுக்கு விலை கொடுக்காதீர்கள். அவர் கைக்கு வந்திருக்கும் வேலைக்கும், அந்த வேலை நீடிக்கும் வாரங்களுக்கும் கொடுங்கள். அவர் ஏமாற்றினால் அணியிலிருந்து நீக்கிவிடுங்கள்; அது விளையாட்டு. ஆனால் அவருக்கோ காயம்பட்டவருக்கோ ஒரு சுடுசொல்கூட அனுப்பாதீர்கள். உங்கள் லீக்கில் யாராவது அனுப்பினால் அடுத்த பருவம் அவருக்கு இடம் கொடுக்காதீர்கள்.